பாதிரிக்குடியார் ரட்சை
(மதுரை மலைகளும் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டும்)



மலர்க்குழுவினர் என்னிடம், "வரலாறு சம்பந்தமா ஒரு கட்டுரை குடுங்க சார், ஆனா நோட்ஸ் மாதிரி இருக்கக் கூடாது" என்று கேட்டார்கள். நம் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாமல் முப்பத்தைந்து ஆண்டுகள் கருவூலத்தில் பில் பாஸ் செய்தவன் நான். ஆகவே ஆராய்ச்சிக் கட்டுரை என்னிடமிருந்து வராது. ஆனால் 2011 தொடங்கி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். கல்வெட்டு அறிஞர் பேசும்போது கூட்டத்தை உட்கார வைப்பது, இட்லி வாளி தூக்குவது, கடைசியாக இறங்குகிறவர்களை எண்ணுவது, கீழே கிடக்கும் பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்குவது, இவைதாம் என் வரலாற்றுப் பணி. இந்தப் பணிக்கும் ஒரு வரலாறு உண்டு.

நம் கல்லூரி மொட்டைமாடியில் நின்றால் யானைமலை தெரியும். மூன்று வருஷம் அந்த யானையைப் பார்த்துக்கொண்டேதான் பாண்டியர் வரலாறு படித்தோம். அதன் மேல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருப்பதும், தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருப்பதும், அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையை கி.பி. 770ல் மாறன்காரி என்ற பாண்டிய அமைச்சர் தொடங்கி, அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்தார் என்பதும் எங்களுக்குத் தெரியாது. பரீட்சையில் கேட்கவில்லை, நாங்களும் போகவில்லை!

யானைமலை ஒன்று மட்டுமில்லை. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, அழகர்மலை, திருவாதவூர், வரிச்சியூர், திருப்பரங்குன்றம், முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம் என்று ஊரைச் சுற்றி மலைக்கு மலை இயற்கைக் குகைகள். அவற்றில் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள். ஊர்க்காரர்கள் இதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். குகையின் நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அதை ஒட்டி நாலைந்து சொற்கள் இருக்கும். படுக்கையை யார் வெட்டிக் கொடுத்தது என்ற செய்திதான் பெரும்பாலும்.

யார் கொடுத்தார்கள் தெரியுமா? மாங்குளத்தில் நெடுஞ்செழியனின் பணியாளன் ஒருவன் பெயர் வருகிறது, சரி. அதே இடத்தில் வெள்ளறை நிகமத்தார், அதாவது ஒரு வணிகர் சங்கமும் கொடுத்திருக்கிறது. அழகர்மலைக்குப் போங்கள். மதுரைப் பொற்கொல்லன் ஒருவன், உப்பு விற்கிறவன், வெல்லப்பாகு விற்கிறவன், கொழு விற்கிறவன், துணி விற்கிறவன் என்று ஒரு கடைத்தெருவே பெயர் கொடுத்திருக்கிறது. இன்றைக்குக் கோயில் சுவரில் "உபயம்" என்று ட்யூப்லைட்டில் எழுதுகிறோமே, அதன் மூத்த அண்ணன். ஆக, இந்த மலைகளை அரசர் மட்டும் பராமரிக்கவில்லை. ஊர்ப்பொதுமக்கள் கைக்காசு போட்டிருக்கிறார்கள்.

இவற்றை மறுபடி கண்டெடுத்த கதையும் இப்படித்தான். மாங்குளம் எழுத்துகளை 1882ல் வெளியுலகத்துக்குச் சொன்ன ராபர்ட் சீவல் சம்பளத்துக்கு ஆட்சிப் பணி பார்த்தவர். இந்த எழுத்து தமிழ்தான் என்று 1924ல் கே.வி. சுப்பிரமணிய அய்யர் சென்னையில் கூடிய மாநாட்டில் எடுத்துரைத்தார். 1965ல் அதே கல்லில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்துக் காட்டிய ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஆபீஸ் ஃபைல்களுக்கு நடுவே கல்வெட்டியலைத் தாமே கற்றுக்கொண்டவர். மாங்குளம் எழுத்துகளுக்கு அவர் சொன்ன காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு. லீவு நாளில் மலை ஏறியவர்களுக்குத் தமிழ் வரலாறு நிறையக் கடன்பட்டிருக்கிறது என்பது என் கட்சி.

இனி தலைப்புக்கு வருகிறேன். மேலூர் வட்டம் அரிட்டாபட்டியில் ஒரு பாறைச் சரிவில் அமர்ந்த நிலையில் ஒரு தீர்த்தங்கரர். கீழே வட்டெழுத்து. அந்தத் திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற சமணத் துறவி. மதுரைப் பக்கத்து மலைகள் பலவற்றில் இவர் பெயர் உண்டு. கீழக்குயில்குடி பேச்சிப்பள்ளத்தில் இவருடைய தாயார் குணமதியார் பெயரில்கூட ஒரு சிற்பம் இருக்கிறது. அரிட்டாபட்டிக் கல்வெட்டு மலையின் பெயரைத் திருப்பிணையன்மலை என்கிறது. கடைசியில், இது பாதிரிக்குடியாரின் ரட்சை என்று முடிகிறது. பாதிரிக்குடி என்பது அக்காலத்தில் அங்கிருந்த ஊர். அதாவது சிலையைச் செய்தவர் ஊர் ஊராகப் போகிற துறவி. அவர் அடுத்த மலைக்குப் போய்விடுவார். அப்புறம் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது யார்? உள்ளூர்க்காரர்கள். அந்தப் பொறுப்பைக் கல்லிலேயே எழுதி ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கருவூலத்தில் நான் பார்த்த எத்தனையோ ஒப்படைப்புக் குறிப்புகளில் இவ்வளவு தெளிவானதைப் பார்த்ததில்லை.

2010ஐ ஒட்டி யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்குவதாக ஒரு திட்டம் பேசப்பட்டது. ஒத்தக்கடை, நரசிங்கம் பகுதி மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. அந்தச் சமயத்தில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் யானைமலைக்குப் போனதிலிருந்து வளர்ந்ததுதான் "பசுமை நடை". தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் மலை மேலேயே நின்று, அந்தந்தக் கல்லைக் காட்டி விளக்குவார். கட்டணம் கிடையாது. குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். வரலாற்றைக் கேட்க வந்த கூட்டமா, காதுகுத்துக்கு வந்த கூட்டமா என்று சந்தேகம் வரும். அந்த ருசியில் நம் கல்லூரிக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து நாங்களும் தனியே ஒரு சிறு குழுவாக நடக்க ஆரம்பித்தோம். பெயர்ப்பலகை, பதிவு எண், தலைவர், செயலாளர் எதுவும் கிடையாது. இருந்தால் தேர்தல் வரும், பிறகு வழக்கு வரும்.

நான் முதலில் போன இடம் கீழக்குயில்குடி சமணர்மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரம். ஒரு பாட்டி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டுய்யா இம்புட்டுப் பேரும் போறீக?"

"செட்டிப்புடவு பாக்கப் போறோம் ஆத்தா."

"ஓ, செட்டியாரப் பாக்கவா? நல்லா இருப்பாரு, போய்ப் பாருங்க."

நீண்ட காது, அமர்ந்த கோலம், பூசினாற்போல் உடம்பு. ஊர்க்காரர்கள் மகாவீரரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். புடவு என்றால் குகை. எங்களில் ஒரு நண்பர், "இல்ல ஆத்தா, அது செட்டியார் இல்ல, சமணத் தீர்த்தங்கரர்" என்று வகுப்பு எடுக்கத் தொடங்கினார். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு யாரா வேணா இருக்கட்டும்யா, எங்க ஊருல இருக்காரு" என்றார். நண்பர் வாயடைத்துப் போனார். எனக்கென்னவோ பாதிரிக்குடியாரும் அப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

இந்த வேலையில் பேச்சு குறைவு, எடுபிடி அதிகம். அதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு நடைக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு பேர் போய்ப் பாதையைப் பார்க்க வேண்டும். தேன்கூடு இருக்கிறதா, பாறை வழுக்குமா, வயதானவர்கள் எதுவரை ஏறலாம் என்று பார்ப்போம். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால், "சர்வே எடுக்க வந்திருக்கீகளா, குவாரிக்காரவுகளா?" என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் வெட்டி மலைகளையே காணாமல் போக்கினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2014ல் உ. சகாயம் தலைமையில் விசாரணைக் குழு அமைக்க வேண்டிய அளவுக்கு அது போனது. வெள்ளைச் சட்டைக்காரன் மலையைப் பார்த்து நின்றாலே அவர்களுக்கு வயிறு கலங்கும்.

அடுத்து கல்லைப் பாதுகாப்பது. இதில் ஆர்வம்தான் முதல் எதிரி. எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் போட்டுத் தேய்ப்பார்கள், மாவு பூசுவார்கள், சுண்ணாம்பு தடவுவார்கள். சிலர் இரும்பு பிரஷ் கொண்டு வருவார்கள். இரண்டாயிரம் வருஷம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய எழுத்து இரும்பு பிரஷ்ஷுக்குத் தாங்காது. முறையாகச் செய்கிறவர்கள் கல்லைத் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்து, நனைத்த காகிதத்தை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். பள்ளத்தில் மை படாததால் கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக நிற்கும். மைப்படி என்பது இதுதான். இதைத் தொல்லியல் துறையினரும் பயிற்சி பெற்றவர்களும் செய்ய வேண்டும். நமக்கு அனுமதித்த வேலை, காலை ஏழு மணிக்கு அல்லது மாலை ஐந்து மணிக்குச் சாய்வெயில் விழும்போது போய்ப் படம் எடுப்பது. குகைக்குள் என்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும், எழுத்து தானே எழுந்து வரும். முதல் முறை பார்க்கிற பையன்கள் "சார், வருது சார்!" என்று கத்துவார்கள். அந்தக் கத்தலைக் கேட்கவே போகலாம்.

பெயிண்டில் எழுதிய காதலர் பெயர்களைப் பற்றி என்ன சொல்ல! அழிக்கவும் நமக்கு அதிகாரம் இல்லை. ஆசிட் ஊற்றினால் பெயரோடு சிற்பமும் போகும். படம் எடுத்துத் துறைக்கு எழுதுவோம். பதில் வர நாளாகும், மறுபடி எழுதுவோம். ஆபீஸில் இருந்தவன் என்பதால் எனக்கு இதில் பொறுமை உண்டு.

மலைகளாவது எல்லோர் கண்ணிலும் படும். வயலிலும் கண்மாய்க்கரையிலும் கிடப்பவைதாம் சீக்கிரம் போய்விடுகின்றன. துவைக்கிற கல்லாகக் கிடக்கும் நடுகல், மடையில் நிற்கும் எழுத்துள்ள தூண், வாசற்படியாகிவிட்ட பலகைக்கல். இப்படி ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்வது? பெயர்த்து எடுத்து வீட்டுக்கோ கல்லூரிக்கோ கொண்டு வரக்கூடாது. இருந்த இடத்தை விட்டு எடுத்தால் பாதிச் செய்தி அங்கேயே தங்கிவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். எந்தத் திசை பார்த்து இருக்கிறது, நிலத்துக்கு ஊரார் சொல்லும் பெயர் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். மண்ணுக்குள்ளிருந்து காசோ பொருளோ கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டமே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் மேலே போகும்.

நிலத்தின் பெயரைக் கேட்கச் சொன்னேனே, அதற்குக் காரணம் உண்டு. கீழடியில் அகழாய்வு நடந்த தோப்புக்கு ஊரார் வைத்திருந்த பெயர் பள்ளிச்சந்தைத் திடல். சமணப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் பள்ளிச்சந்தம் என்கின்றன. பெயர் வாயிலேயே வந்துகொண்டிருந்திருக்கிறது. கீழடியின் முதல் தொண்டர் ஒரு பள்ளிக்கூட வரலாற்று ஆசிரியர். 1970களில் தோண்டிய இடத்திலிருந்து மாணவர்கள் கொண்டுவந்த செங்கல்லையும் ஓட்டையும் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தி, துறைக்கும் சொன்னார். மத்தியத் தொல்லியல் துறை அங்கே குழி போட்டது 2014-15ல். மாநில அரசின் கீழடி அருங்காட்சியகம் திறந்தது 2023 மார்ச்சில். ஆசிரியருக்கும் அருங்காட்சியகத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஐம்பது வருஷம். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்து வராது.

மாணவர்களால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006ல் கிடைத்த மூன்று நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து இருந்தது. ஒன்றில் ஆகோள் என்ற சொல், ஆநிரை கவர்ந்த சண்டையைச் சொல்கிறது. சங்கப் பாட்டில் மட்டும் படித்த விஷயம் கல்லில் வந்து நின்றது. அதைக் கண்டுபிடித்த தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவில் ஆய்வு மாணவர்களும் இருந்தார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற குழுக்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒவ்வொருவருக்கும் தன் ஊர்க் கல்தான் மூத்த கல். ஒரு முதுமக்கள் தாழி ஓடு கிடைத்தால் உடனே ஐயாயிரம் வருஷம் என்று பத்திரிகைக்குச் சொல்லிவிடுவார்கள். காலத்தைச் சொல்லும் வேலையை அறிந்தவர்களுக்கு விட்டுவிட வேண்டும். பொன்னாடையையும் மலை மேல் கொண்டு வர வேண்டாம். ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கவே கை போதவில்லை.

2024ல் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. அரிட்டாபட்டி கிரானைட் குவாரியை எதிர்த்துப் போராடி மலையை மீட்ட ஊர். ஏழு மலைகள், ஏராளமான ஊற்றுகள், கண்மாய்கள். லகர் வல்லூறு போன்ற அரிய பறவைகள் அங்கே உண்டு. 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டியையும் மாங்குளம் கல்வெட்டுகள் உள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேரை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சரியாக இரண்டு வருஷம். 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கி 2,015 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் எடுக்க மத்திய அரசு ஏலம் விட்டுவிட்டது என்று செய்தி வந்தது.

அந்த வாரம் எங்கள் ஆறு பேருக்கும் தூக்கமில்லை. நாங்கள் ஓடிப்போய் என்ன செய்ய என்று பார்த்தால், ஊர் எங்களுக்கு முன்னால் எழுந்து நின்றது. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9ல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ல் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரையை நோக்கித் திரண்டு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23ல் ஏலம் ரத்தானது. இதை ஏதோ எங்கள் குழு சாதித்த மாதிரி நான் எழுதினால் அடுத்த முறை அரிட்டாபட்டியில் எனக்கு மோர் கிடைக்காது. சாதித்தது ஊர். ஆனால் ஒரு பந்தலில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா மைக்கைப் பிடித்து, "இந்த மலைய எங்க ஊரு பாத்துக்கணும்னு ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே கல்லுல வெட்டி வச்சிருக்காக. நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க யாரு அத ஏலம் விட?" என்று கேட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்திருக்க வழியில்லை. மலைக்கு வந்த யாரோ படித்துச் சொல்ல, பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். வட்டெழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ரட்சை என்றால் என்னவென்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது ஒரு கோரிக்கை. இத்தனை வருஷத்தில் மூன்று நீள நோட்டுகள் நிரம்பியிருக்கின்றன. தேதி, ஊர், கல் கிடக்கும் இடம், நிலத்தின் பெயர், சொன்னவர் யார், படத்தின் எண் என்று கலம் போட்டு எழுதியவை. சொன்னவர்களில் பலர் இன்று இல்லை. இரண்டாம் நோட்டில் குறித்த ஒரு மடைத்தூண், கண்மாய் வேலை நடந்தபோது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நோட்டில் உள்ள நாலு வரியும் ஒரு மங்கலான படமும்தான் அதற்கு மிச்சம். எங்கள் ஆறு பேரில் இருவர் காலமாகிவிட்டார்கள். மீதி நாலு பேருக்கும் முழங்கால் வலி. என் கையெழுத்து எனக்கே சில இடங்களில் புரிவதில்லை.

வரலாற்றுத் துறை மாணவர்கள்தான் வேண்டும் என்றில்லை. கணிதம், வேதியியல், வணிகவியல் யார் வந்தாலும் சரி. நோட்டுகளைக் கணினியில் ஏற்ற நாலு பேர் வேண்டும். குறித்த இடங்களுக்கு மறுபடி போய், கல் இருக்கிறதா இல்லையா என்று டிக் அடிக்கப் பத்துப் பேர் வேண்டும். மோட்டார் சைக்கிள் உள்ளவர்களுக்கு முன்னுரிமை! முன்னாள் மாணவர்களில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்கள் அம்மாச்சி, அப்பத்தாவிடம் வயல்களின் பெயரைக் கேட்டு எழுதி அனுப்பினாலே பெரிய உதவி.

மலர்க்குழுவினரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணி. வழுக்காத செருப்பு, ஒரு டார்ச், ஒரு பேனா போதும். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது, இட்லிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.